கேஸட்டில் போட்ட கூப்பிடு பேர்

ஷர்பரி லாஹிரிக்குக் கோபம் வந்தால் குரல் உயராது. கையிலிருக்கும் சாக்பீஸ் இரண்டாக உடையும். பாராநகர் பெண்கள் பள்ளியில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இது நன்றாகத் தெரியும். அந்தச் சத்தம் கேட்டால் கடைசி பெஞ்சுவரை வாயை மூடிக்கொள்ளும். அன்றைக்கு அவள் ஆசிரியர் அறையில் இருந்தாள். கையில் சாக்பீஸ் இல்லை, மண் குவளையில் தேநீர்தான் இருந்தது.

சரித்திரம் நடத்தும் கிருஷ்ணகலிதான் போனை நீட்டினாள். "ஷர்பரி தீதி, இங்க பாருங்க, உங்க பழைய கூட்டாளி டிவில பேசறாரு." பேசிக்கொண்டிருந்தவன் தேவ்மால்யா சான்யால். பாட்டுப் போட்டிக்கு நடுவர், சினிமாப் பாடகன், கழுத்தில் இரண்டு சுற்றுச் சால்வை. பேட்டி எடுத்த பெண் ஒரு பழைய கேஸட் உறையைக் காட்டி, 'ஓதம்' பாட்டுக்கு நேரே 'சொல்லும் இசையும்: புலு' என்று போட்டிருக்கிறதே, யார் அந்தப் புலு, இருபத்தைந்து வருஷமாக ரசிகர்கள் மண்டையை உடைத்துக்கொள்கிறார்களே என்று கேட்டாள். தேவ்மால்யா தலையைக் குனிந்து, பெண் பார்க்க வந்த வீட்டில் உட்கார்ந்திருப்பவன்போல வெட்கப்பட்டான்.

"அது நான்தாங்க. வீட்டுல என்னைப் புலுன்னுதான் கூப்பிடுவாங்க. அந்த வயசுல நம்ம பேரைப் பெருசாப் போட்டுக்க ஒரு கூச்சம்."

கிருஷ்ணகலி ஒன்றும் தெரியாதவள். "உங்களையும் வீட்டுல புலுன்னுதானே கூப்பிடுவாங்க? என்ன பொருத்தம் பாருங்க" என்று சிரித்தாள். ஷர்பரி குவளையை மேஜையில் வைத்தாள். வைத்த வேகத்தில் அது பிளந்து, பத்தாம் வகுப்பு வினாத்தாள் முழுக்கத் தேநீர் ஓடியது. அந்தப் பாடவேளைக்கு அவள் வகுப்புக்குப் போகவில்லை. போகாமல் இருந்தது அதுதான் முதல் தடவை. பிள்ளைகள் கொண்டாடித் தீர்த்தன.

எங்கள் ஊரில் ஆளுக்கு இரண்டு பேர். பள்ளிக்கூடத்துக்கும் சர்க்காருக்கும் கல்யாணப் பத்திரிகைக்கும் ஒன்று, அது ஏட்டுப் பேர். வீட்டுக்கும் பேட்டைக்கும் ஒன்று, அது கூப்பிடு பேர். ஏட்டுப் பேர் எவ்வளவுக்கெவ்வளவு கம்பீரமோ அவ்வளவுக்கவ்வளவு கூப்பிடு பேர் அசிங்கமாக இருக்கும். உயர்நீதிமன்ற வக்கீலைத் தெருவில் பானை என்பார்கள், இதய டாக்டரைப் பூசணி என்பார்கள், அவர்களும் திரும்பிப் பார்ப்பார்கள். பக்கத்து வீட்டுக்காரரின் ஏட்டுப் பேரை அவர் செத்தபிறகு பேப்பரில் பார்த்துத்தான் தெரிந்துகொள்வோம். ஷர்பரி லாஹிரி எங்களுக்குப் புலு. தேவ்மால்யா சான்யால் எங்களுக்கு ஹுலோ. ஹுலோ என்றால் கடுவன் பூனை. ஆறு வயதில் அடுக்களையில் புகுந்து வறுத்த மீனைத் தூக்கிக்கொண்டு ஓடினான் என்று அவனுடைய பெரியம்மா வைத்த பேர். அந்தப் பெரியம்மாவுக்குக் கோயில் கட்ட வேண்டும்.

அந்தக் காலத்தில் இவர்கள் ஐந்து பேராக நடத்திய பேண்டுக்கு அஷ்வகுர் என்று பேர் வைத்தவளும் புலுதான். ஆறு தன் பழைய வளைவை வெட்டிவிட்டு நேராகப் போனபின் குதிரைக் குளம்பு வடிவத்தில் ஒரு குட்டை மிஞ்சுமே, அதுதான். அப்போது அவள் கல்லூரியில் புவியியல் படித்துக்கொண்டிருந்தாள். பேட்டைப் பெரியவர்கள், லாடம் அடிக்கிற கடையா வைக்கப் போறீங்க என்று கேட்டார்கள். ஹுலோ பாடினான், கோப்லா டிரம்ஸ் அடித்தான், புலு கீபோர்டு வாசித்தாள். கிட்டாரும் பேஸும் வாசித்த அண்ணன் தம்பி இரண்டு பேரும் பின்னால் கனடாவுக்குப் போய்விட்டார்கள். அவர்கள் கதை இங்கே வேண்டாம்.

பயிற்சிக்கு இடம், பேட்டை கிளப்பின் கேரம் அறை. கேரம் ஆடுகிறவர்கள் கிளம்பும்வரை காத்திருப்பார்கள், கிளம்பியதும் கரண்ட் போகும். கரண்ட் இல்லாமல் ஓடக்கூடியது கோப்லா ஒருத்தன்தான். ஆகவே இருட்டில் டிரம்ஸ் மட்டும் அடித்தபடி, மற்றவர்கள் வாயால் வாசித்துப் பழகினார்கள். புலு தன் பகுதியைத் தொடையில் தட்டி, தாங்க தாங்க என்று சொல்லிக்கொண்டே போவாள். அந்த நாட்களில் எங்கள் தெருவில் எல்லோருக்கும் அஷ்வகுர் பாட்டுகள் வாய்ப்பாட்டாகத்தான் தெரியும்.

மற்ற பேண்டுகள் நான்கு நிமிஷத்தில் காதலித்து, பிரிந்து, அழுது முடித்துவிடுவார்கள். அஷ்வகுர் அப்படி இல்லை. பாட்டு தொடங்கும், நிற்கும், வேறு தாளத்தில் கிளம்பும், எங்கேயோ போய்விட்டு வரும். 'ஓதம்' இருபத்தொரு நிமிஷம், கேஸட்டின் ஒரு பக்கம் முழுக்க அதுவேதான். கங்கையில் கடல் ஏறி வரும் நாட்களில் குட்டிகாட் படித்துறையில் படகுக்காரர்கள் கத்துவார்கள். தண்ணீர் சுவர் மாதிரி ஆற்றை எதிர்த்துக்கொண்டு வரும். புலு அதைப் பார்த்துவிட்டு வந்து எழுதிய பாட்டு அது. இடது கையில் ஆறு போகிறது, ஏழு ஏழாக. வலது கையில் கடல் வருகிறது, ஐந்து ஐந்தாக. இரண்டும் முட்டிக்கொள்ளும் இடத்தில் குரல் எடுக்க வேண்டும். குரல் வருவதற்கே ஒன்பது நிமிஷம் ஆகும்.

ஒரு தையில் பக்கத்துப் பேட்டை கிளப்பின் பாட்டுக் கச்சேரிக்கு அஷ்வகுரைக் கூப்பிட்டார்கள். 'ஓதம்' தொடங்கி ஏழெட்டு நிமிஷம் ஆனதும் கிளப் காரியதரிசி மேடைக்கு ஓரமாக ஏறி வந்து, புலுவின் காதருகே குனிந்தார். "மைக் செட் சரியா இருக்குதும்மா, டெஸ்டிங் போதும், பாட்டை ஆரம்பிங்க." கூட்டத்திலிருந்து துண்டுச் சீட்டுகள் வந்தவண்ணம் இருந்தன. எல்லாம் பழைய சினிமாப் பாட்டுக் கேட்டு வந்தவை. ஒன்றில் மட்டும், கீபோர்டு வாசிக்கும் பெண்ணுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று இருந்தது. புலு அதை மைக்கில் படித்துவிட்டு, கேட்டவர் எழுந்து நின்றால் இங்கேயே பேசி முடித்துவிடலாம் என்றாள். யாரும் எழவில்லை. அதற்குப் பிறகு மிச்சப் பாட்டை எல்லோரும் மரியாதையாகக் கேட்டார்கள்.

ஆனாலும் பாட்டு பரவியது. கல்லூரி விடுதிகளில் கேஸட்டை நகல் எடுத்து நகல் எடுத்து, கடைசியில் ஆற்றுச் சத்தமும் நாடாச் சத்தமும் ஒன்றாகிவிட்ட நகல்களைக்கூடக் கேட்டார்கள். ஜல்பாய்குரியிலிருந்தும் சில்சாரிலிருந்தும் பையன்கள் ரயிலேறி வந்து கேரம் அறை வாசலில் நின்றார்கள்.

அந்தக் கேஸட் உறையில் நடந்ததுதான் தவறு. எங்கள் ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு. உறை அச்சுக்குப் போகும்போது புலுவின் அப்பா பவதோஷ் லாஹிரி குறுக்கே நின்றார். சணல் ஆலையில் கணக்கர், குரலைக் கூட்டிப் பேசாத மனிதர். பெண் பாடுவதையோ பையன்களோடு சுற்றுவதையோ அவர் தடுக்கவில்லை. சடை வளர்த்த நாலு தடியன்கள் படத்துக்குக் கீழே லாஹிரி வீட்டுப் பெண்ணின் ஏட்டுப் பேர் அச்சாகி, பான் கடை பான் கடையாகத் தொங்கக்கூடாது என்றார். அந்தப் பேர் கல்யாணப் பத்திரிகையில் வர வேண்டிய பேர் என்றார். அந்தப் பத்திரிகை கடைசிவரை அச்சாகவில்லை, அது வேறு விஷயம்.

புலுவுக்கு அப்போது பெரிய வருத்தம் ஒன்றும் இல்லை. புலு என்று போட்டால் போதுமே, யாருக்குத் தெரியாது? தெருமுனையில் கத்தரிக்காய் பேகுனி பொரிப்பவருக்குத் தெரியும், படகுக்காரர்களுக்குத் தெரியும், கிளப் நாய்க்குக்கூடத் தெரியும். கூப்பிடு பேர் பேட்டை எல்லையோடு நின்றுவிடும், ஆனால் கேஸட் நிற்காது என்று இருபத்திரண்டு வயதில் யார் யோசிக்கிறார்கள்? மற்ற நான்கு பேரும் தங்கள் ஏட்டுப் பேரைப் போட்டுக்கொண்டார்கள். பாடியவர் தேவ்மால்யா சான்யால் என்று கொட்டை எழுத்தில் வந்தது. ஹுலோ என்று போட்டுக்கொள்ள அவனுக்கு என்ன பைத்தியமா?

பேண்டு உடைந்ததற்குப் பெரிய காரணம் எதுவும் கிடையாது. கிட்டார் சகோதரர்களுக்கு விசா வந்தது, ஹுலோவுக்குச் சினிமா வந்தது, புலுவுக்குப் பள்ளியில் வேலை வந்தது. கோப்லா அப்பாவின் மின்விசிறிக் கடையில் உட்கார்ந்தான். யாரும் சண்டை போடவில்லை. சண்டை போட்டுப் பிரிந்திருந்தால் அப்போதே எதையாவது எழுதிக் கையெழுத்து வாங்கியிருப்பார்கள். சிரித்துப் பிரிந்ததுதான் வினையாகிவிட்டது.

இப்போது, அந்தப் பேட்டியைப் பார்த்தபின், புலு ஓடினாள். பாட்டுகளின் உரிமையைப் பதிவு செய்யும் அலுவலகத்துக்குப் போனாள். அங்கே இருந்த மனிதர் நல்லவர்தான். புலு என்பது நீங்கள்தான் என்பதற்கு ஏதாவது ஒரு காகிதம் கொடுங்கள் என்றார். எந்தக் காகிதம்? ரேஷன் அட்டையில் ஷர்பரி, ஓட்டு அட்டையில் ஷர்பரி, பரீட்சைச் சான்றிதழில், வங்கிப் புத்தகத்தில், பள்ளி நியமன உத்தரவில் எல்லாம் ஷர்பரி. பிறந்ததிலிருந்து தினமும் நூறு தடவை அவளைக் கூப்பிட்ட பேர் ஒரு காகிதத்திலும் இல்லை. அந்த மனிதரும் வங்காளிதான், அவருக்கும் வீட்டில் ஏதாவது பூசணிப் பேர் இருந்திருக்கும். அவர் கையை விரித்தார். அதே பாட்டைத் தன் பேரில் பதியச் சொல்லி ஏற்கெனவே வேறொருவர் மனு போட்டிருக்கிறார் என்றும் தணிந்த குரலில் சொன்னார்.

அங்கிருந்து நேராகக் கோப்லாவின் கடைக்குப் போனாள். கோப்லா நல்லவன், ஆனால் நல்லவன் என்ற பேரைக் காப்பாற்றுவதற்காக எதுவும் செய்யாமலே இருந்து பழகியவன். ஒரு விசிறியின் இறக்கையைத் துடைத்துக்கொண்டே அவள் சொன்னதைக் கேட்டான். எல்லாம் உண்மைதான், எனக்குத் தெரியாதா என்றான். எழுதிக் கொடு என்றாள் புலு. கோப்லா இறக்கையை இன்னும் கொஞ்ச நேரம் துடைத்தான்.

"புலு, ஹுலோவும் எனக்கு வேணும், நீயும் எனக்கு வேணும். உங்க ரெண்டு பேருக்கு நடுவுல என்னை ஏன் நிறுத்தறே?"

"உன்னை நடுவுல நிறுத்தலடா. என் பக்கத்துல நிக்கச் சொன்னேன்."

கோப்லா தேநீர் சொல்லி அனுப்பினான். புலு குடிக்காமல் எழுந்து வந்துவிட்டாள். நியாயம்தானே. இருபது வருஷமாக விஜயதசமிக்கு மறுநாள் தவறாமல் அவள் வீட்டுக்கு வந்து இனிப்புத் தின்றுவிட்டுப் போகிறவன் அவன்.

ஹுலோ தானாகவே போன் செய்தான். பழைய அஷ்வகுர் மறுபடி மேடையேறுகிறது, மார்கழிக் கடைசியில், ஏரிக்கரை அரங்கத்தில், டிக்கெட் எல்லாம் போய்விட்டது, 'ஓதம்' முழுசாக வேண்டும் என்று ரசிகர்கள் உயிரை எடுக்கிறார்கள் என்றான். கீபோர்டுக்குக் கூலிக்கு அமர்த்திய ஆள் பெரிய கெட்டிக்காரன்தானாம். ஆனால் பழைய நாடாவில் இடது கை எது வலது கை எது என்று அவனால் பிரிக்க முடியவில்லையாம். நீ வந்தால்தான் நடக்கும் என்றான். புலு கேட்டுக்கொண்டே இருந்தாள். கோபத்தில் அவள் கைவிரல்கள் போனில் தாளம் போட்டன.

"டிவில என்னடா சொன்னே?"

"அதுவா? அவங்களுக்கு ஒரு கதை வேணும் புலு. நீ அந்த உலகத்துல இல்ல, உனக்குத் தெரியாது. வாய் தவறி வந்துடுச்சு."

"மனுவும் வாய் தவறிப் போட்டதுதானா?"

 ஹுலோ குரலைக் குழைத்தான். அதெல்லாம் அவனுடைய மேனேஜர் செய்த வேலை, அவனுக்கே தெரியாது, வாபஸ் வாங்கச் சொல்கிறேன் என்றான். மேடையில், எல்லோர் முன்னிலையிலும், இது ஷர்பரி லாஹிரியின் பாட்டு என்று தானே சொல்வேன் என்றான். பேட்டியெல்லாம் நாலு பேர் பார்ப்பது, மேடையில் மூவாயிரம் பேர் முன்னால் சொன்னால் அதுதான் கல்வெட்டு என்றான். அம்மா மேல் சத்தியம் செய்தான்.

புலு ஒப்புக்கொண்டாள். அவள் முட்டாள் இல்லை, அவன் சொல்வதை நம்பவும் இல்லை. வேறு வழி எதுவும் மிச்சமில்லை, அவ்வளவுதான். காகிதம் கைவிட்டது, நண்பன் கைவிட்டான். அந்தப் பாட்டைக் குழந்தை மாதிரி என்று சொல்லும் ஆள் அல்ல அவள், அந்த மாதிரிப் பேச்சு அவளுக்குப் பிடிக்காது. அவள் கையால் செய்த ஒரே பெரிய காரியம் அது. மற்றதெல்லாம் வருஷா வருஷம் அதே ஆறுகள், அதே மலைகள், அதே வரைபடம். அவள் செத்தபிறகு பேப்பரில் போட ஏதாவது இருக்கிறது என்றால் அது இந்தப் பாட்டுதான். அதையும் ஒரு கடுவன் பூனை கவ்விக்கொண்டு ஓடப் பார்க்கிறது.

பயிற்சிக்கு டிரம்ஸ் அடிக்கக் கோப்லா வந்திருந்தான், கிட்டாருக்கும் பேஸுக்கும் கூலி ஆட்கள் இரண்டு பேர். இருவரும் புலுவைப் பெரியவர்களைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்கள். காதில் மாட்டிக்கொள்ளும் சின்ன ஒலிப்பானை நீட்டினார்கள், அதில் தாளம் டிக் டிக் என்று ஓடுமாம். புலு மறுத்துவிட்டாள். ஓதம் ஏறும்போது வேகம் ஏறும், இறங்கும்போது இறங்கும், கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டு எந்த ஆறும் வந்ததில்லை என்றாள். சரி என்று விட்டுவிட்டார்கள்.

பாட்டு ஒன்பதாவது நிமிஷத்தை நெருங்கியபோது ஹுலோ மெதுவாகத் திரும்பி அவளைப் பார்த்தான். அந்தக் காலத்திலும் இப்படித்தான். அவனுக்குக் குரல் உண்டு, அதில் சந்தேகமே இல்லை, அழகான குரல். ஆனால் எண்ண வராது. ஏழும் ஐந்தும் எங்கே முட்டுகின்றன என்று அவனுக்குக் கடைசிவரை புரிந்ததில்லை. சரியான தட்டில் புலு தலையை ஒரு அசை அசைப்பாள், அவன் எடுப்பான். இத்தனை வருஷத்துக்கப்புறமும் அவன் தன்னைப் பார்த்துக்கொண்டு நின்றது புலுவுக்கு வியப்பாக இருந்தது. எத்தனை தடவை பேட்டி கொடுத்தான், எத்தனை தடவை அது என் பாட்டு என்றான், ஒரே ஒரு தடவை உட்கார்ந்து எண்ணிப் பார்த்திருக்கக்கூடாதா? திருடினதுதான் திருடினான், திருடின பொருள் என்னவென்றாவது பார்த்தானா? அன்றைக்கு அவள் தலையை அசைத்தாள். அவன் எடுத்தான். கூலி ஆட்கள் கைதட்டினார்கள்.

கச்சேரி அன்று அரங்கம் நிரம்பி வழிந்தது. பாராநகரிலிருந்து ஒரு பஸ்ஸே கிளம்பி வந்திருந்தது. எங்கள் கிளப் ஆட்கள் பின்வரிசையில் மங்கி குல்லாவோடும் மஃப்ளரோடும், குளிரில் இமயமலை ஏறப் போகிறவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தோம். நொலேன் என்கிற ஈச்ச வெல்லத்தில் செய்த சந்தேஷ் இனிப்பு டப்பா ஒன்று கைமாறிக்கொண்டிருந்தது. முன்வரிசையில் நரைத்த பையன்கள். ஜல்பாய்குரிக்காரர்கள், சில்சார்க்காரர்கள். எல்லோரும் இப்போது வங்கி மேலாளர்கள், அப்பாக்கள், தொப்பைக்காரர்கள்.

சின்னப் பாட்டுகள் முடிந்தன. ஹுலோ மைக்கைக் கையில் எடுத்தான். விளக்கு அவன்மேல் மட்டும் விழுந்தது. புலு விரல்களை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். 

"இந்தப் பாட்டை எழுதினப்ப என்னை யாருக்கும் தெரியாது" என்றான் ஹுலோ. "என் அம்மா மட்டும் என்னை ஒரு பேர் சொல்லிக் கூப்பிடுவா. அந்தப் பேரைத்தான் கேஸட்ல போட்டேன். அந்தச் சின்னப் பையனுக்காக, புலுவுக்காக, இன்னிக்கு."

முன்வரிசை எழுந்து நின்று புலு, புலு என்று கத்தியது. பின்வரிசையில் நாங்களும் எழுந்து, கீபோர்டு பக்கம் கையைக் காட்டி, புலு, புலு என்றுதான் கத்தினோம். எங்கள் கத்தலும் அவர்கள் கத்தலோடு சேர்ந்து அவன்மேலேயே போய் விழுந்தது. அவன் நெஞ்சில் கையை வைத்துக் குனிந்தான். எங்கள் பேட்டைக் குரலையும் சேர்த்து வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான் பாவி.

புலு கோப்லாவைப் பார்த்தாள். கோப்லா தன் காலடி மிதியைப் பார்த்தான். எழுந்து போய்விடலாமா என்று ஒரு கணம் அவளுக்குத் தோன்றியதாம். போனால் என்ன ஆகும்? அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, ஆசிரியைக்கு மேடை பயம் என்று எதையாவது சொல்லிவிட்டு, அதற்கும் கைதட்டல் வாங்குவான். அவள் கைகளைத் தூக்கிக் கட்டைகளில் வைத்தாள்.

எங்களுக்கு அந்தப் பாட்டு நாடாச் சத்தத்தோடுதான் தெரியும். அன்றைக்குத்தான் ஆறு வேறு கடல் வேறு என்று பிரிந்து கேட்டது. புலு அப்படி வாசித்து நான் கேட்டதில்லை. ஒவ்வொரு கட்டையையும் கேள்வி கேட்கிற மாதிரி அழுத்தினாள். கோப்லாவும் சும்மா இருக்கவில்லை. மின்விசிறிக் கடைக்காரன் போலவே இல்லை அவன். ஒன்பது நிமிஷம் அரங்கத்தில் இருமல் சத்தம்கூட இல்லை. ஏழும் ஐந்தும் சுற்றிச் சுற்றி நெருங்கின. ஹுலோ மைக்கை வாயருகே கொண்டுபோய், மெதுவாகத் திரும்பினான், அவள் தலையைப் பார்த்தான்.

தலை அசையவில்லை. இரண்டும் முட்டின, கடந்தன, மறுபடி பிரிந்தன.

முதல் தடவை யாரும் கவனிக்கவில்லை. வேண்டுமென்றே இன்னொரு சுற்று விடுகிறார்கள் என்று நினைத்தார்கள். ஹுலோவும் சிரித்துச் சமாளித்தான். இரண்டாவது சுற்றில் அவன் தானாகவே எடுத்தான். மூன்று தட்டு முந்திவிட்டது. குரல் தனியாக, வழி தெரியாமல், நடுத்தெருவில் நிற்கிற மாதிரி நின்றது. முன்வரிசையில் ஒருத்தர் சிரித்தார். ஹுலோ பாதிச் சொல்லில் நிறுத்தினான். கோப்லா பக்கம் திரும்பிக் கண்ணால் கெஞ்சினான். கோப்லாவுக்கு அந்த இடம் தூக்கத்தில்கூடத் தெரியும், ஒரு குச்சியைத் தூக்கிக் காட்டினால் போதும். கோப்லா குச்சியைத் தூக்கவில்லை. முகத்தைத் தாளத்தட்டின் பக்கம் திருப்பிக்கொண்டு அடித்துக்கொண்டே இருந்தான். அவன் வாழ்க்கையிலேயே ஒரு பக்கமாக நின்றது அப்போதுதான்.

மூன்றாவது சுற்று. இந்தத் தடவை பிந்தி எடுத்தான். அவன் எடுப்பதற்கு முன்பே முன்வரிசை எடுத்துவிட்டது. நரைத்த பையன்கள் நூறு இருநூறு பேர், இருபத்தைந்து வருஷம் நாடா தேயக் கேட்டவர்கள், சரியாக அந்தத் தட்டில், ஒரே குரலாகப் பாட்டின் முதல் வரியைப் பாடிவிட்டார்கள். பாடிவிட்டு அவர்களே திகைத்துப் போனார்கள். பாட்டு எங்கே ஆரம்பிக்கிறது என்று அரங்கத்தில் அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது. அதை எழுதினேன் என்று சொன்னவனுக்குத் தெரியவில்லை. முணுமுணுப்பு வரிசை வரிசையாகப் பின்னால் வந்தது. புலு அடுத்த பகுதிக்குப் போகவே இல்லை, அதே சுற்றைப் பிடித்துச் சுழற்றிக்கொண்டிருந்தாள்.

ஹுலோ கீபோர்டு பக்கத்தில் வந்து நின்றான். மைக்கைத் தாழ்த்திக்கொண்டு, பல்லைக் கடித்து, என்ன வேணும் உனக்கு என்றான். புலு வாசிப்பதை நிறுத்தவில்லை. முன்பக்கத்து ஆட்கள் அவள் உதடு அசைந்ததைப் பார்த்தார்கள்.

"பேரைச் சொல்லு. ஏட்டுப் பேரை."

"அவமானப்படுத்தறே என்னை."

"விடிய விடிய வாசிப்பேன்டா, ஹுலோ. எனக்கு நாளைக்கு லீவுதான்."

 அவன் நிமிர்ந்து, முன்மேடைக்கு நடந்தான். நடக்கும்போதே முகத்தில் சிரிப்பை வரவழைத்துக்கொண்டான். அதில் அவன் சூரன். எல்லாம் முன்பே திட்டமிட்ட விளையாட்டு மாதிரி கையை உயர்த்தினான். "இத்தனை நாள் ஒளிச்சு வெச்சிருந்த ரகசியத்தை இன்னிக்கு உடைக்கறேன்" என்றான். "புலு நான் இல்ல. இந்தப் பாட்டு, சொல்லு, மெட்டு, தாளம், மொத்தமும் இவங்க எழுதினது. ஷர்பரி லாஹிரி."

அரங்கம் அதிர்ந்தது. பக்கத்தில் இருந்த எங்கள் காரியதரிசி மங்கி குல்லாவைக் கழற்றி வீசினார். முன்வரிசைக்காரர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எவ்வளவு பெரிய மனசு பார் அவனுக்கு என்று ஹுலோவைக் காட்டிப் பேசிக்கொண்டார்கள். அது வரிசை வரிசையாகப் பின்னால் வந்து எங்கள் காதில் விழுந்தது. புலுவின் காதிலும் விழாமல் இருந்திருக்காது.

அவள் தலையை அசைத்தாள். அவன் சரியான இடத்தில் எடுத்தான், அழகாகப் பாடினான், பாழாய்ப் போன குரல். பேர் சபையில் விழுந்துவிட்டது, மூவாயிரம் பேர் கேட்டாகிவிட்டது, அந்த மனுவை இனிக் கிழித்துத்தான் போட வேண்டும். அதனால் புலுவின் கோபம் ஒரு நூல்கூடக் குறையவில்லை. தன் சொத்தைத் தனக்கே தானம் கொடுத்தவனைப் பார்த்துக்கொண்டு, மிச்சம் பன்னிரண்டு நிமிஷத்தையும் அந்தக் கோபத்தோடேயே வாசித்து முடித்தாள்.